கழித்தது போக மீதி

பேருந்து கடைசியாக நின்று திரும்பும் இடத்துக்கும் அப்பால், பனங்காட்டை ஒட்டி ஓர் ஆய்வகம் இருந்தது. அங்கே ஒளி கேள்வி கேட்கும். திரவம் பதில் சொல்லும். அந்தப் பதிலைக் காது கொடுத்துக் கேட்பதுதான் அங்கிருப்பவர்களுக்கு வேலை.

அதை நடத்தியவர் பேராசிரியர் மெஹருன்னிசா. அதிகம் பேசமாட்டார். யாராவது எதையாவது கேட்டால் எழுந்து போய் ஒரு காரியம் செய்வார். அந்தக் காரியம்தான் பதில் என்பதைக் கேட்டவர்களே புரிந்துகொள்ள வேண்டும். லேசர் எப்போது சூடேறி நிலைக்கு வரும், மேடம் என்று ஒரு மாணவன் நச்சரித்தபோது, ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவன் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனவர் அவர்.

அவரிடம் ஆராய்ச்சி செய்ய வந்தவள் ஆக்னஸ். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் வேதியியல் டீச்சராகவும் இருந்து, கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்திருந்தாள். குருவைவிடச் சிஷ்யைக்கு வயது கூடுதல். ஆனாலும் இவள் 'மேடம்' என்பாள். அவரும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார்.

வந்த முதல் நாளே ஆக்னஸ் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒரு திரவத்துக்குள்ள ஒரு பொருள் இல்லைன்னு எப்ப மேடம் சொல்லலாம்?"

மெஹருன்னிசா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கேள்வி நல்லாருக்கு. பத்திரமா வெச்சுக்கங்க."

அவ்வளவுதான். பதிலும் வரவில்லை, காரியமும் நடக்கவில்லை. ஆக்னஸ் கேள்வியை வைத்துக்கொண்டாள்.

வேலையைக் கற்றுக்கொண்டாள். திரவம் என்பது தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி. தூரத்தில் நின்று கேட்டால் ஒரே இரைச்சல். எது யார் குரல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. சாதாரணக் கருவிக்கு அந்த இரைச்சல் ஒரு பெரிய மேடாகத்தான் தெரியும். இங்கே இருந்த கருவி வேறு மாதிரி. ஒரு துடிப்பு ஒளியால் மூலக்கூறுகளைத் தொட்டு அடையாளம் வைத்துக்கொள்ளும். காத்திருக்கும். மறுபடி தொடும். அந்த இடைவெளியில் அக்கம்பக்கத்தார் பிடியை விட்டிருந்தால் பதில் மாறியிருக்கும். விடாமல் பிடித்திருந்தால் அதே பதில் வரும். காத்திருக்கும் நேரமோ, ஒரு கண் சிமிட்டலைப் பல்லாயிரம் கோடித் துணுக்குகளாக நறுக்கினால் அதில் ஒன்று. யார் யாரை எவ்வளவு நேரம் பிடித்திருக்கிறார்கள் என்பதை வைத்தே கூட்டத்துக்குள் இருப்பவர்களைப் பிரித்துச் சொல்லிவிடலாம்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. சோதிக்க வேண்டிய பொருளை அளப்பதற்கு முன், அந்தப் பொருள் மட்டும் சேர்க்காத வெறும் திரவத்தை அளக்க வேண்டும். அதற்கு பிளாங்க் என்று பெயர். பிறகு பொருள் சேர்ந்த திரவத்தை அளந்து, அதிலிருந்து பிளாங்க்கைக் கழிக்க வேண்டும். கழித்தது போக மீதி எதுவோ, அதுதான் தேடியது.

ஆக்னஸ் அதை ஜெபமாலை உருட்டுவதுபோலச் செய்வாள். ஒரு மணியும் தவறாது.

ஒரு நாள் ஊர் ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவர் பொன்னுரங்கம் ஆய்வகத்துக்கு வந்தார். அவரோடு மாரிக்கண்ணு என்ற பெண்ணும் வந்திருந்தாள். தெற்கேயிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுபவள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பாதி தீர்ந்த இருமல் சிரப் புட்டி.

டாக்டர் சொன்னது இதுதான். வார்டில் சில குழந்தைகள் கிடக்கிறார்கள். சளி, இருமல் என்று வந்தவர்கள்தான். திடீரென்று ஒன்றுக்குப் போவது நின்றுவிட்டது. முகம் வீங்கிவிட்டது. இரண்டு குழந்தைகள் போய்விட்டார்கள். அதை விசாரிக்க ஒரு குழுவும் போட்டிருக்கிறார்கள். மாரிக்கண்ணுவின் மகன் தர்ஷித் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறான். எல்லாரும் குடித்தது ஒரே சிரப். சிரப்பில் கிளிசரின் சேர்ப்பார்கள். கிளிசரின் போலவே இனிக்கிற, அதைவிட மலிவான ஒரு கரைப்பான் உண்டு. அது உள்ளே போனால் சிறுநீரகம் போய்விடும். அவருக்குச் சந்தேகம் அதன்மேல். ஆனால் அவர் கேட்ட இடங்களில் இருந்த சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒரே மேடாகத்தான் தெரிகின்றன. மேலிடத்துக்கு அனுப்பிய புட்டிக்கு முடிவு வர நாளாகும். அதுவரை கடைகளில் சிரப் விற்றுக்கொண்டிருக்கும்.

"விசாரணைக் குழு என்ன சொல்லுதுங்க டாக்டர்?" என்று ஆக்னஸ் கேட்டாள்.

டாக்டர் மாரிக்கண்ணுவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மாரிக்கண்ணுவே சொன்னாள்.

"நாங்க அளவு தெரியாம ஊத்திக் கொடுத்துட்டமாம். பேப்பர்ல போட்டிருக்காங்க."

ஆக்னஸுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரைப் பார்த்து நீங்கள்தான் கொன்றீர்கள் என்று சொல்ல ஒரு குழு, அதற்கு ஒரு தலைவர், அதை அச்சடிக்க ஒரு பேப்பர். கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதே சிரப் அவள் வீட்டுச் சமையலறை அலமாரியிலும் இருந்தது. போன வாரம் மகள் ஜோவிக்கு அவள் கொடுத்திருந்தாள்.

அன்றிலிருந்து ஜோவி குளியலறைக்குப் போகும்போதெல்லாம் ஆக்னஸ் கதவுக்கு வெளியே நின்று காது கொடுத்துக் கேட்டாள். சத்தம் வந்ததும்தான் மூச்சு வரும். கணவன் டேமியன் என்னவென்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, வழுக்கி விழுந்துவிடப் போகிறாள் என்று சொல்லிச் சமாளித்தாள்.

சோதனைக்கு பிளாங்க் வேண்டும். மருந்து மட்டும் சேர்க்காத வெறும் சிரப் பாகு. அது தயாரிப்பவர்களிடம்தான் கிடைக்கும். கேட்டால் தருவார்களா என்று ஆக்னஸ் சந்தேகப்பட்டாள். கேட்ட மறுநாளே சிரப் கம்பெனி ஆள் கையோடு கொண்டுவந்துவிட்டார். குணசீலன் என்று பெயர். மடிப்புக் கலையாத சட்டை. முத்திரை வைத்த புட்டியை இரண்டு கையாலும் நீட்டினார்.

எங்களிடம் ஒளிவு மறைவே கிடையாது, எங்களுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு, உங்கள் மாதிரி படித்தவர்கள் பார்த்துச் சொன்னால்தான் இந்த ஊர் வாயை அடைக்க முடியும் என்றெல்லாம் பேசினார். சிரப் தயாராகிற அதே பீப்பாயிலிருந்து எடுத்த பாகு இது என்று உறுதியும் சொன்னார். ஆக்னஸ் அவரை உட்காரச் சொல்லவில்லை. புட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

பிளாங்க்கை அளந்தாள். மாரிக்கண்ணுவின் சிரப்பை அளந்தாள். கழித்தாள்.

புட்டியின் மேல்தாளில் போட்டிருந்த மருந்து மட்டும் சின்னச் சின்ன முகடாக நின்றது. மற்ற இடமெல்லாம் துடைத்துவிட்டதுபோல் தட்டையாக இருந்தது.

நம்பாமல் மறுபடி அளந்தாள். ஒளி காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். செத்துப்போன குழந்தைகளின் வீட்டிலிருந்து டாக்டர் வாங்கி அனுப்பிய புட்டிகளையும் அளந்தாள். எதை அளந்து கழித்தாலும் அதே தட்டைதான்.

கோபம் போவதற்கு ஓர் இடம் வேண்டும். கம்பெனிமேல் போயிருந்த கோபம் இப்போது திரும்பி வந்து வாசலில் நின்றது. அந்த நேரம் பார்த்து மாரிக்கண்ணுவும் வாசலில் வந்து நின்றாள். ஷிப்ட் முடிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிவு கேட்க வந்திருந்தாள். தலைமுடியில் பஞ்சுத் துகள்.

"எந்த ஸ்பூன்ல கொடுத்தீங்க?" என்று ஆக்னஸ் கேட்டாள். ஹோம்ஒர்க் செய்யாத பிள்ளையைக் கேட்கிற குரல் அது. அவளுக்கே அது தெரிந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை.

மாரிக்கண்ணு சேலை முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்தாள். சிரப் புட்டியோடு வருகிற பிளாஸ்டிக் மூடி.

"இதுல ஊத்தித்தான் கொடுத்தேன். கோட்டுக்குக் கீழயே நிறுத்திருவேன், சின்ன உசுருன்னு." மூடியை மறுபடி முடிந்துகொண்டாள். "நீங்களாவது வேற மாதிரி கேப்பீங்கன்னு வந்தேன் டீச்சர்."

அவள் போய்விட்டாள். ஆக்னஸ் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், எல்லாத் தாயும் இப்படித்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டாள். கருவி பொய் சொல்லாது.

அன்று சாயங்காலம் ஜோவி இருமினாள். ஆக்னஸ் அலமாரியைத் திறந்தாள். இவ்வளவு நாள் அந்தப் புட்டியைப் பார்க்கவே பயந்து கொண்டிருந்தவள், இப்போது அதை எடுத்து, மூடியில் கோடு வரை ஊற்றி, 'ஆ காட்டு கண்ணு' என்று மகளுக்குக் கொடுத்தாள். அன்று குளியலறைக் கதவருகே போய் நிற்கவும் இல்லை. பல நாளைக்குப் பிறகு மனம் லேசாக இருந்தது.

மறுநாள் அறிக்கையை எழுதி மெஹருன்னிசாவின் மேசையில் வைத்தாள். சந்தேகப்பட்ட பொருளின் தடயம் இல்லை. கையெழுத்துக்குக் காத்திருந்தது.

சற்று நேரத்தில் கூப்பிட்டுவிட்டார்கள்.

மெஹருன்னிசாவின் அறையில் கெட்டிலில் தண்ணீர் கொதித்து அடங்கியிருந்தது. மேசைமேல் இரண்டு டம்ளர் டீ. அறிக்கை பக்கத்தில் கிடந்தது. கையெழுத்து இல்லை.

"உக்காருங்க. முதல் டம்ளர்ல வெறும் டீ. ரெண்டாவதுல ஒண்ணு மட்டும் கூடப் போட்டிருக்கேன். என்ன போட்டேன்னு சொல்லுங்க."

ஆக்னஸுக்கு எரிச்சலாக வந்தது. குழந்தைகள் சாகிற நேரத்தில் டீ விளையாட்டு. ஆனாலும் முதல் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். மரியாதைக்கு விழுங்கிவிட்டு, இரண்டாவதைக் குடித்தாள்.

"ஏலக்காய் மேடம்."

"வேற?"

"வேற ஒண்ணும் கூடப் போடல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

மெஹருன்னிசா அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப ஏன் மூஞ்சி சுளிச்சீங்க?"

"உப்பா இருந்துச்சு மேடம். சக்கரைக்குப் பதிலா உப்புப் போட்டுட்டீங்க."

"அத ஏன் சொல்லல?"

"அது ரெண்டுலயும்தானே இருக்கு. நீங்க ரெண்டாவதுல கூடப் போட்டதத்தானே..."

வாய்க்குள் உப்பு அப்படியே நின்றது.

முத்திரை வைத்த அந்தப் புட்டி கண்முன் வந்தது. அதை நீட்டிய இரண்டு கைகள் வந்தன. அதே பீப்பாயிலிருந்து எடுத்தது. அதே பீப்பாய். அவள் கழித்தது எதை? பாகை. பாகுக்குள் இருந்தது எது? அதை அவள் பார்க்கவே இல்லை. கழிக்க வேண்டியதை யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா? ஒவ்வொரு முறையும் விஷத்திலிருந்து விஷத்தைக் கழித்து, மீதி ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாள்.

பிறகுதான் ஜோவியின் ஞாபகம் வந்தது. 'ஆ காட்டு கண்ணு.'

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கதவு வரை போனவள் திரும்பினாள்.

"வாயால சொல்லியிருக்கலாமே மேடம். நேத்தே சொல்லியிருக்கலாமே."

"எனக்கும் இப்பத்தான் தெரியும். உங்க ரிப்போர்ட்டைப் படிச்சிட்டுத்தான் தண்ணி கொதிக்க வெச்சேன்." மெஹருன்னிசாவின் காதில் ஏற்கனவே போன் இருந்தது. "பொன்னுரங்கம் டாக்டருங்களா? ஆஸ்பத்திரியில அந்த சிரப் எங்க இருந்தாலும் நிறுத்திருங்க. காரணம் அப்புறம் சொல்றேன்."

ஆக்னஸ் டேமியனுக்குப் போன் செய்தாள். கேள்வி கேட்காமல் ஜோவியைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போகச் சொன்னாள். என்னவென்று அவன் கேட்டதும், "நான்தான் கொடுத்தேன்" என்று மட்டும் சொல்ல வந்தது. அடுத்த பேருந்துக்கு நேரம் இருந்தது. அந்த நேரத்தை உட்கார்ந்து அழுது கழிக்கவும் அவளுக்கு மனமில்லை. கருவி அறைக்குள் போனாள்.

இந்த முறை எதையும் கழிக்கவில்லை. ஆய்வகத்தின் சொந்த அலமாரியிலிருந்து சுத்தமான கிளிசரினை எடுத்தாள். சீனி, தண்ணீர் சேர்த்துத் தானே ஒரு பாகு காய்ச்சினாள். அதை அளந்தாள். பிறகு கம்பெனி தந்த பாகை அளந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

முதல் தொடுதலில் இரண்டும் ஒரே மேடு. காத்திருக்க விட்டாள். கிளிசரினுக்கு மூன்று கை; அக்கம்பக்கத்தாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எளிதில் விடாது. அந்த மலிவுச் சரக்குக்கு இரண்டே கை, சீக்கிரம் விட்டுவிடும். காத்திருப்பு கூடக் கூட, கம்பெனிப் பாகின் மேடு மெல்ல இரண்டாகப் பிரிந்தது. பிடியை விடாமல் நின்றது ஒன்று. விட்டுவிட்டு நகர்ந்தது இன்னொன்று. நகர்ந்ததுதான் பெரிதாக இருந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறது. ஒளிந்துகொள்ளக்கூட இல்லை.

விஷம் இன்னதென்று தெரிந்ததும் வார்டில் வைத்தியம் மாறியது. தர்ஷித்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் போட்டார்கள். ஜோவியையும் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். அவள் குடித்தது கொஞ்சம் என்பதால் உடம்பு தாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் குளியலறைக் கதவுக்கு வெளியே ஆக்னஸ் நின்றாள். சத்தம் வந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து ஜோவி, "அம்மா, ஒட்டுக் கேக்காதீங்க" என்றாள்.

சில நாள் கழித்து, தர்ஷித்தும் ஒன்றுக்குப் போய்விட்டான் என்று டாக்டர் போன் செய்தார். மாரிக்கண்ணு அதை எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வராந்தாவில் நடக்கிறாளாம். ஆக்னஸ் அவளைப் பார்க்கப் போனாள். என்ன சொல்வதென்று பேருந்து முழுக்க யோசித்துக்கொண்டு போனாள். நேரில் அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். மாரிக்கண்ணு கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை.

"பேப்பர்ல மாத்திப் போடுவாங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள். ஊர்க் கடைகளில் நிறுத்தவில்லை. அதற்குத் தடை உத்தரவு வேண்டும். உத்தரவு வேண்டுமென்றால் விசாரணைக் குழுத் தலைவர் தணிகாசலம் கையெழுத்துப் போட வேண்டும். தாய்மார்தான் காரணம் என்று ஏற்கனவே சொல்லிவிட்டவர், சொன்னதை மாற்றுவதாக இல்லை. கடைசியில், ஆய்வகத்துக்கே வந்து விளக்கம் கேட்கிறேன் என்றார்.

வந்தார். கூடவே குணசீலனும் வந்தார். டாக்டர் பொன்னுரங்கம் தடை உத்தரவைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்து, பேனாவோடு மேசையில் வைத்திருந்தார். அதைத் தணிகாசலம் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

ஆக்னஸ் படங்களைக் காட்டி விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். இரைந்து பேசுகிறவர் இல்லை. இரைந்திருந்தால்கூடத் தேவலை என்று ஆக்னஸுக்குத் தோன்றியது.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. முறைப்படி பிளாங்க்கைக் கழிக்க வேண்டும். கழித்தால் ஒன்றும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்போது கழிக்காமல் பார்த்துவிட்டு இருக்கிறது என்கிறீர்கள். கம்பெனிக்காரர் தந்த பாகை ஒதுக்கிவிட்டு, நீங்களே அடுப்பில் காய்ச்சிய பாகை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் குழு ஏற்காது.

"நாங்க எதையும் மறைக்கலீங்களே சார்," என்றார் குணசீலன். "அதே பீப்பாய்லருந்துதான் எடுத்துக் கொடுத்தோம்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்," என்றாள் ஆக்னஸ்.

தணிகாசலம் கையை உயர்த்தி அவளை அமர்த்தினார். பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இங்க பாருங்கம்மா. உணர்ச்சிவசப்படாம யோசிங்க. இந்த சிரப்பை எத்தனையோ பிள்ளைங்க குடிச்சிருக்கு. எல்லாருக்கும் ஒரே மருந்து. அதுல சில பிள்ளைக்கு மட்டும் ஆகலைன்னா, எல்லாருக்கும் பொதுவா இருக்கறதுல தப்பிருக்குமா? வித்தியாசம் எங்க இருக்கோ அங்கதானே தப்பும் இருக்கும். வித்தியாசம் கொடுத்த கையிலதான்."

ஆக்னஸ் எழுந்துவிட்டாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. முந்தானையில் முடிந்த அந்த மூடி, கோட்டுக்குக் கீழே நிறுத்திய அந்தக் கை, அந்தக் கையைப் பார்த்துத் தானும் கேட்ட அந்தக் கேள்வி. வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே தெரியவில்லை.

மெஹருன்னிசா அவள் பக்கம் திரும்பினார்.

"ஆக்னஸ், எல்லாருக்கும் டீ போட்டுக் கொண்டு வாங்க."

ஆக்னஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. எப்போதும் போலத்தான் இருந்தது. கழுத்தில் மட்டும் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளில் அவள் அதைப் பார்த்ததில்லை.

பக்கத்து அறைக்குப் போய்த் தண்ணீர் வைத்தாள். அலமாரியில் சீனி டப்பாவும் உப்பு டப்பாவும் அருகருகே இருந்தன. அவள் வெகுநேரம் யோசிக்கவில்லை.

டீயைக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள். தணிகாசலத்துக்கு, குணசீலனுக்கு, டாக்டருக்கு, மெஹருன்னிசாவுக்கு. தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு, நின்றபடியே ஒரு வாய் குடித்தாள்.

தணிகாசலம் ஒரு மிடறு குடித்தார். முகம் கோணிப்போயிற்று. டம்ளரை உத்தரவுத் தாளுக்குப் பக்கத்தில் டக்கென்று வைத்தார்.

"என்னம்மா இது, வாயில வைக்க முடியல. உப்பை அள்ளிக் கொட்டியிருக்கீங்க."

குணசீலன் குடித்ததை விழுங்கவும் முடியாமல், துப்பவும் இடமில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தன் டம்ளருக்குள் பார்த்தார்.

மெஹருன்னிசா தன் டம்ளரை எடுத்து நிதானமாக ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். இன்னொரு வாய் குடித்தார். அதையும் விழுங்கினார்.

"எல்லாருக்கும் ஒரே டீதான் சார்," என்றார். "உங்க நாக்குலதான் ஏதோ கோளாறு இருக்கும்."